வாடகைக்கு விடுவதற்காக முதன்முதலாக ஒரு சிறிய வீட்டை வாங்கும்போது கணக்கில் எதை விட்டுவிடுகிறோம்?

முதல்வீடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு சிறிய கட்டடத்தை வாங்க எண்ணியிருக்கிறேன். கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. கீழ் வீட்டில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது; மேல் வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. இங்கே பல நாடுகளில் இருந்து எழுதுகிறோம் என்பதால், விலையை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அந்த அளவிலேயே சொல்கிறேன். வீடு ஒன்றுக்கு மாத வாடகை 0.25 என்கிறார் விற்பவர். அதாவது இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து மாதம் 0.50, ஆண்டுக்கு 6. வங்கி 75 வரை கடன் தருவதாகச் சொல்கிறது. வட்டி 8 விழுக்காடு, தவணைக் காலம் 20 ஆண்டுகள். என் கையில் 35 இருக்கிறது.

போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வருகிறது, வீடும் நமக்குச் சொந்தமாகிறது என்று விற்பவர் சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதற்கு முன் எந்தச் சொத்தும் வாங்கிப் பழக்கமில்லாததால், ஆழம் தெரியாமல் காலை விடுகிறேனோ என்ற ஐயம் இருக்கிறது. முன்தொகை கொடுப்பதற்கு முன் நான் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை

விற்பவர் சொன்ன 6, வாடகை முழுவதும் ஒரு மாதம் கூடத் தவறாமல் கைக்கு வந்து, அதிலிருந்து ஒரு காசும் வெளியே போகாமல் இருந்தால் மட்டுமே வரும் எண். அப்படிப்பட்ட வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆகவே அந்த எண்ணை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கிப் பார்ப்போம்.

முதலில், உங்களுக்கு அடக்கவிலை 100 அல்ல. பத்திரப் பதிவு, அதற்கான வரி, வழக்கறிஞர், வங்கியின் கட்டணங்கள், தரகு, குடிவைப்பதற்கு முன் செய்தே ஆகவேண்டிய பழுதுகள் எல்லாம் சேரும். இவை இடத்துக்கு இடம் மாறுபடும். பேச்சுக்காக 10 என்று கொள்கிறேன். ஆக அடக்கவிலை 110. அடுத்து வாடகை. ஆண்டில் ஒரு மாத வாடகைக்கு நிகரான காலம் வீடு காலியாக இருக்கும் என்று கொண்டால் 6 என்பது 5.5 ஆகிறது. பராமரிப்புக்கு ஆண்டுதோறும் விலையில் 1 விழுக்காட்டை ஒதுக்குவது பலரும் கைக்கொள்ளும் தோராயம்; பழைய கட்டடத்துக்கு அதுவும் போதாமல் போகலாம். சொத்து வரி, காப்பீடு, பொது விளக்கு போன்றவற்றுக்கு 0.5. மிஞ்சுவது 4. அதை 110 ஆல் வகுத்தால் 3.6 விழுக்காடு. வாடகை வருமானத்துக்கு நீங்கள் கட்டும் வருமான வரியை நான் இன்னும் தொடவே இல்லை. கடன் வட்டியை எந்த அளவுக்குக் கழிக்கலாம் என்ற விதி நாட்டுக்கு நாடு வேறு என்பதால் அதை உங்கள் ஊர்க் கணக்கரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது கடனைப் பார்ப்போம். 75-க்கு 8 விழுக்காட்டில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை 0.627 வரும். முதல் மாதத்து வட்டி மட்டும் சரியாக 0.50, அதாவது இரண்டு வீடுகளும் நிறைந்திருந்தாலும் உங்கள் முழு வாடகையும் வங்கிக்கு வட்டியாகவே போய்விடும். ஆண்டுத் தவணை 7.53, மிஞ்சும் வாடகை 4; ஆண்டுதோறும் 3.53-ஐ உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டி முடிக்கும்போது வங்கிக்கு 37.6 கொடுத்திருப்பீர்கள், கடனோ 75-லிருந்து 65.6 வரை மட்டுமே இறங்கியிருக்கும். இது மாறும் வட்டியாக இருந்து 9 விழுக்காடாக உயர்ந்தால் தவணை 0.675 ஆகிவிடும்.

இதையே திருப்பிப் போட்டுக் கேளுங்கள்: மிஞ்சும் வாடகை 4 எவ்வளவு கடனைச் சுமக்கும்? இந்த வட்டியிலும் இந்தக் காலத்திலும் ஏறக்குறைய 40. வங்கி தரத் தயாராக இருக்கும் 75 என்பது உங்கள் சம்பளத்தைப் பார்த்துச் சொன்ன எண், வீட்டின் வாடகையைப் பார்த்துச் சொன்னது அல்ல. மேலும் ஒன்று. 25 முன்தொகை, 10 செலவு என்று 35 முழுவதையும் கொட்டிவிட்டால், பதிவு முடிந்த மறுநாள் தண்ணீர் மோட்டார் எரிந்தால் கூட நீங்கள் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

மேட்டுநிலம்

கணக்குப்பிள்ளை ஐயா எப்போதும் இப்படித்தான் பயமுறுத்துவார். வீடு வாங்குபவர்கள் யாரும் மாத வாடகையை நம்பி வாங்குவதில்லை. விலை ஏறும் என்றுதான் வாங்குகிறார்கள். பத்து ஆண்டுகளில் விலை இரட்டிப்பானால், சம்பளத்திலிருந்து போட்ட சிறிய தொகைகளை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்? கடனில் வாங்கினால் முழுச் சொத்தின் விலையேற்றமும் நமக்கே சேருகிறது என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

சொல்லியிருக்க வேண்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். விலை எத்தனை ஆண்டுகளில் இரட்டிக்கும் என்பதற்கு 72-ஐ ஆண்டு வளர்ச்சி விழுக்காட்டால் வகுக்கும் பழைய குறுக்குவழி ஒன்று உண்டு. பத்து ஆண்டுகளில் இரட்டிக்க ஆண்டுதோறும் ஏறக்குறைய 7.2 விழுக்காடு ஏற வேண்டும். 4 விழுக்காடு மட்டுமே ஏறினால் 18 ஆண்டுகள் ஆகும்.

நீங்கள் சொன்னபடியே இரட்டித்தது என்று கொள்வோம். வாடகையும் செலவும் மாறவில்லை என்றால், பத்து ஆண்டுகளில் முதல்வீடு தம் கையிலிருந்து போட்டது தொடக்கத்தில் 35, பிறகு ஆண்டுக்கு 3.53 வீதம் 35.3, ஆக ஏறக்குறைய 70. கடன் பாக்கி 51.7. 200-க்கு விற்றால் கடன் போக 148 கையில் நிற்கும், அருமையான முதலீடு. விலை ஏறாமல் 100-லேயே நின்றால் விற்றுக் கடன் அடைத்த பின் 48 கிடைக்கும், போட்டதோ 70. விற்கும் செலவும் வரியும் இதற்கு மேல். ஏற்றத்தைப் பெருக்கிக் காட்டும் அதே கடன்தான் தேக்கத்தையும் பெருக்கிக் காட்டுகிறது. வாடகை காலப்போக்கில் ஏறும் என்பதால் நிலைமை இந்த அளவுக்கு மோசமாகாமல் இருக்கலாம்; பராமரிப்பும் கூடவே ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். விலையேற்றம் வந்தால் வரவேற்போம். அது வந்தே ஆகவேண்டும் என்ற நிலையில் ஒரு முதல்முறை வாங்குநரை நிறுத்துவது சரியல்ல என்பதே என் கட்சி.

ஓதச்சுவர்

நான் கட்டட வேலை மேற்பார்வையில் இருப்பவன். காகிதக் கணக்கை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்தக் கணக்கில் பராமரிப்பு 1 என்று எழுதியிருக்கும் வரி எவ்வளவு பொய்யாகலாம் என்பதை வீட்டுக்குள் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும்.

வெளிச்சமான காலை நேரத்தில், விற்பவர் கூடவே நடந்து வந்து காட்டும் வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது பெண் பார்க்கும் சடங்கு போலத்தான். எல்லாம் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். ஒருமுறை மழைக்குப் பிறகும், ஒருமுறை எல்லோரும் தண்ணீர் பயன்படுத்தும் நேரத்திலும் போங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். வீடு முழுவதும் பழைய பூச்சாக இருக்க, ஒரே ஒரு சுவரில் மட்டும், அதுவும் முழங்கால் உயரம் வரைக்கும் மட்டும், புதுப் பூச்சின் வாசனை வந்தால் அங்கே ஓதம் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மற்றச் சுவர்களைவிடச் சில்லென்று இருக்கும். நகத்தால் சுரண்டினால் பூச்சு மாவாக உதிரும், அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். கூரைக்கு அருகிலோ சுவரின் நடுவிலோ தனித் திட்டாக ஈரம் தெரிந்தால் அது மேலிருந்து ஒழுகுவது அல்லது சுவருக்குள் போகும் குழாய் கசிவது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

உங்கள் கட்டடத்தில் மேல் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றீர்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. மேல் வீட்டுக் குளியலறையின் தரையில் அரை மணி நேரம் தண்ணீரை ஓட விட்டு, பிறகு கீழ் வீட்டில் அதற்கு நேர் அடியில் உள்ள கூரையைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். விளக்கை நேராக அடிக்காமல் கூரையை ஒட்டிச் சாய்வாக அடித்தால் பூச்சு உப்பியிருக்கும் இடங்களின் நிழல் விழும். கான்கிரீட்டில் நீளவாக்கில், கம்பி போகும் தடத்திலேயே விரிசல் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடக் கூடுதல் இடத்தைப் பிடிப்பதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. அதன் மேல் சிமெண்டு பூசுவது ஒப்பனை மட்டுமே.

கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்களைக் கவனியுங்கள். மயிரிழை போன்றவை பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். ஒரு நாணயத்தின் விளிம்பு உள்ளே போகும் அளவுக்கு இருந்தால் பொறியாளர் ஒருவரை அழைத்து வராமல் பேரம் பேச உட்காராதீர்கள்.

கீழ்க் குழாயும் மேல் குழாயும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது தண்ணீர் நூலாக இறங்கினால் குழாயின் உள்சுற்று துருவால் அடைத்திருக்கலாம். பழைய இரும்புக் குழாய்களில் இது வழக்கம். மின்பெட்டியைத் திறந்து, கசிவு மின்சாரம் வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். ஆளைக் காப்பதற்கென்று பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. சோதனைப் பொத்தான் ஒன்று அதில் இருக்கும். அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் கருவி பெயருக்கு இருக்கிறது என்று பொருள். வாடகைக்கு விடும் வீட்டில் இதை விட்டுவைப்பது உங்கள் மனச்சாட்சிக்கும் சட்டப் பொறுப்புக்கும் நல்லதல்ல.

பட்டறிந்தவன்

கட்டடத்தையும் கணக்கையும் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு அடி விழுந்த இடம் வேறு. நான் வாங்கிய முதல் வீட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. குடியிருப்பவர் கையோடு கிடைக்கிறார், காலி மாதம் இல்லை என்று மகிழ்ந்தேன். பதிவு முடிந்து முதல் மாத வாடகை கேட்கப் போனபோது, அந்த அம்மா ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார். அவர் முந்தைய உரிமையாளரிடம் ஐந்து மாத வாடகைக்குச் சமமான முன்பணம் கொடுத்திருந்தார்; வீட்டை விற்கப் போவதால் அடுத்த மூன்று மாத வாடகையை அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்று விற்றவரே கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அம்மாவின் மீது ஒரு குற்றமும் இல்லை. விற்றவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். வழக்குக்குப் போனால் ஆகும் செலவை எண்ணிப் பார்த்து, மூன்று மாத வாடகையை விட்டுக்கொடுத்து, மீதி முன்பணத்தையும் அவர் காலி செய்தபோது என் கைக்காசிலிருந்து கொடுத்தேன்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். குடியிருப்பவரோடு வீட்டை வாங்கும்போது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், குடியிருப்பவரிடமிருந்தே ஓர் எழுத்துமூல ஒப்புதலைப் பெறுங்கள். மாத வாடகை எவ்வளவு, எந்தத் தேதி வரைக்கும் கட்டியிருக்கிறார், முன்பணம் எவ்வளவு, யார் கையில் இருக்கிறது, வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, மின்விசிறி, அலமாரி போன்ற பொருள்களில் எவை வீட்டைச் சேர்ந்தவை எவை அவருடையவை, விற்பவர் வாய்வார்த்தையாக ஏதேனும் வாக்குக் கொடுத்திருக்கிறாரா என்பவற்றை அதில் எழுதி, விற்பவரும் கையெழுத்திட வேண்டும். முன்பணத்தை விலையிலேயே கழித்துக்கொள்ளுங்கள். அதோடு, குடியிருப்பவரை எவ்வளவு முன்னறிவிப்போடு, எந்தக் காரணங்களுக்காகக் காலி செய்யச் சொல்லலாம் என்பதை உங்கள் இடத்துச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வில்லங்கம் பார்க்கும் வழக்கறிஞர் உங்களுடையவராக இருக்கட்டும். தரகரோ விற்பவரோ கைகாட்டும் ஆள் வேண்டாம்.

வாடகைக்குடி

இந்த இழையில் எல்லோரும் உரிமையாளர்களாகவே பேசுவதால், பதினேழு ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். காலி மாதம் என்பதை நீங்கள் ஏதோ மழை வெயில் போல வந்து போவதாக எழுதுகிறீர்கள். நான் காலி செய்த ஐந்து வீடுகளில் மூன்றை, பழுது சொல்லியும் வாரக்கணக்கில் ஆள் அனுப்பாததால்தான் விட்டேன். ஒழுகும் குழாய்க்கு ஆகும் செலவு ஒரு மாத வாடகையில் மிகச் சிறிய பகுதி.

வாடகை உயர்வு விஷயத்திலும் இதே கணக்குதான். ஒழுங்காகக் கட்டும் ஒருவரிடம் 5 விழுக்காடு கூடுதலாகக் கேட்டு, அவர் காலி செய்து, வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால், அந்த ஒரு மாத இழப்பை உயர்த்திய வாடகையால் ஈடுகட்ட 20 மாதங்கள் ஆகும். புதுப் பூச்சும் தரகும் தனி. உயர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை; ஆண்டுதோறும் இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இருவருக்கும் மனக்கசப்பு இல்லை.

குடி வரும் நாளன்று சுவர், தரை, கழுவுதொட்டி, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் படமெடுத்து, ஒரு பட்டியலில் இருவரும் கையெழுத்திடுங்கள். முன்பணச் சண்டைகள் பெரும்பாலும் அந்தப் பட்டியல் இல்லாததால்தான் வருகின்றன. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதும் வருமானச் சான்று, முந்தைய வீட்டு உரிமையாளரின் சொல் என்று எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வையுங்கள். குடும்பம், பிறப்பு, நம்பிக்கை ஆகியவற்றைப் பார்த்து ஆளை ஒதுக்குவது பல நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பானது. எங்கும் அவை வாடகை வருமா வராதா என்பதற்குப் பதில் சொல்வதில்லை.

மேட்டுநிலம்

ஒரு சிறு கேள்வி. வீட்டை நாமே கவனிப்பதா, நிர்வகிக்க ஆள் வைப்பதா? கணக்குப்பிள்ளையின் 4-இல் அந்தக் கட்டணம் இல்லையே?

கணக்குப்பிள்ளை

சரியாகப் பிடித்தீர்கள், இல்லை. நிர்வாகக் கட்டணம் வாடகையில் 10 விழுக்காடு என்றால் 4 என்பது 3.45 ஆகிவிடும். முதல் வீட்டை, அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தொலைவில் வாங்கி, ஓராண்டாவது தாமே கவனிப்பது நல்லது; எந்த வேலைக்கு என்ன ஆகும் என்று தெரிந்த பிறகு ஆள் வைத்தால் ஏமாற வாய்ப்புக் குறைவு.

முதல்வீடு

பதிலளித்த எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரங்களில் நடந்தவற்றை எழுதுகிறேன்.

ஓதச்சுவர் சொன்னபடி ஒரு மாலை நேரத்தில் போய், விற்பவரின் முகம் சுளிப்பைப் பொருட்படுத்தாமல் மேல் வீட்டுக் குளியலறையில் தண்ணீரை ஓடவிட்டேன். இருபது நிமிடங்கள் ஆவதற்குள் கீழ் வீட்டுச் சமையலறைக் கூரையின் ஒரு மூலையில் வெள்ளைப் பூச்சு மெல்லச் சாம்பல் நிறமாக மாறுவதைக் கண்ணாலேயே பார்த்தேன். கீழ் வீட்டுக்காரர், மழைக்காலத்தில் அங்கே ஒரு பாத்திரம் வைப்பதாக இயல்பாகச் சொன்னார். மேல் வீட்டில் கடைசியாக இருந்தவர்கள் ஏழு மாதங்களுக்கு முன் காலி செய்ததற்கும் அதுவே காரணமாம்.

பட்டறிந்தவர் சொன்ன ஒப்புதல் தாளையும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கீழ் வீட்டுக்காரர் ஆறு ஆண்டுகளாக இருக்கிறார். கொடுக்கும் வாடகை 0.21. விற்பவர் சொன்ன 0.25, இப்போது புதிதாகக் குடிவைத்தால் கிடைக்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்ட எண். மேல் வீடு 0.25-க்கே போகும் என்று கொண்டாலும் ஆண்டு வாடகை 5.52, ஒரு மாதக் காலியும் செலவுகளும் போக 3.56. குளியலறைத் தளத்தைப் பெயர்த்து நீர்க்காப்புச் செய்து, வீணான கான்கிரீட்டைச் சரிசெய்ய, நான் அழைத்துச் சென்ற பொறியாளர் மதிப்பிட்ட செலவு 4. இவற்றையெல்லாம் காட்டி 86 கேட்டேன். விற்பவர் 96-க்குக் கீழே இறங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொறியாளருக்கும் வழக்கறிஞருக்கும் கொடுத்த கட்டணம் போனது போனதுதான். அதைப் பற்றி வருத்தமில்லை.

இப்போது பார்ப்பது, பதினாறு வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் ஒற்றை வீடு. அதே அளவில் சொன்னால் விலை 60, செலவுகளோடு 66. கையிருப்பில் 3-ஐத் தொடாமல் வைத்துக்கொண்டு 32 போட்டால் கடன் 34, ஆண்டுத் தவணை 3.41. அந்த அடுக்ககத்தில் இப்போது வாடகைக்கு இருக்கும் இருவரிடம் விசாரித்ததில் மாத வாடகை 0.34 என்பது உறுதி. ஒரு மாதக் காலி, பராமரிப்பு 0.6, வரியும் காப்பீடும் 0.3 போக மிஞ்சுவது 2.84. ஆண்டுக்கு 0.57 என் சம்பளத்திலிருந்து போட வேண்டும். அது எனக்குத் தாங்கும். ஒரே வீடு என்பதால் காலியானால் முழு வாடகையும் நின்றுபோகும் என்பது தெரியும். அந்த 3 முழுத் தவணையை ஏறக்குறைய பத்து மாதங்களுக்குத் தாங்கும்.

ஓதச்சுவர்

அடுக்ககம் என்றால் உங்கள் வீட்டுச் சுவரை மட்டும் தட்டிப் பார்த்தால் போதாது. உரிமையாளர் சங்கத்தின் கடந்த மூன்று ஆண்டு வரவுசெலவையும் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். கூரை நீர்க்காப்பு, மின்தூக்கி மாற்றம் பற்றிப் பேச்சு எழுந்து தள்ளிப்போடப்பட்டிருந்தால், அடுத்த ஆண்டு தனித் தண்டலாக அது உங்கள் தலையில்தான் விழும். மாதச் சந்தா எவ்வளவு, விற்பவர் பாக்கி வைத்திருக்கிறாரா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், உங்கள் 0.3-இல் சந்தா இருப்பதாகத் தெரியவில்லை.

முதல்வீடு

இல்லை, விட்டுவிட்டேன். சனிக்கிழமை சங்கச் செயலாளரைப் பார்த்துவிட்டுக் கணக்கைத் திருத்தி எழுதுகிறேன்.